நின்றால் கொதிக்கும் ஜீப்: பெல்ட் ஃபேனைக் கழற்றி மின்விசிறி வைத்த ஒரு நிகழ்வு ஆய்வு

முகூர்த்த நாளில் திருவந்திபுரம் எப்படி இருக்கும் என்று கடலூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தேவநாத சுவாமி கோயிலில் விடியற்காலையிலிருந்து வரிசையாகத் தாலி ஏறும். கார், வேன், மினி பஸ் என்று அடிவாரத்துச் சாலை முழுக்க வண்டி நிற்கும். 2024 கோடையில் அப்படி ஒரு காலையில், பெண் வீட்டாரை ஏற்றிக்கொண்டு வந்த ஒரு பழைய ஜீப் அந்த நெரிசலில் முக்கால் மணி நேரம் ஊர்ந்தது. பிறகு பானட் இடுக்கெல்லாம் ஆவி கக்கிக்கொண்டு நின்றுவிட்டது. வண்டிக்காரர் என் அப்பாவின் சிநேகிதர். பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்பு வைத்திருக்கிறார். நான் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவேன்.

மறுநாள் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் என் ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடைக்கு வந்தார்.

"ஓடுனா ஒண்ணும் இல்ல தம்பி. நின்னாதான் கொதிக்குது. இந்த ஃபேனை எடுத்துட்டு கார்ல இருக்கிற மாதிரி கரண்ட் ஃபேன் போட்டுடு" என்றார்.

நோயையும் சொல்லி மருந்தையும் அவரே சொல்லிவிட்டார். நோயைப் பற்றி அவர் சொன்னது ரொம்பச் சரி. மருந்தைப் பற்றித்தான் உடனே தலையாட்ட எனக்கு மனம் வரவில்லை. மின்விசிறி போட்ட பிறகும் கொதித்த வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன். இந்த வேலை ஓராண்டு காலத்தில் மூன்று கட்டமாக நடந்தது. நடுவில் இரண்டு தவறுகள் செய்தோம். அந்தத் தவறுகள்தான் இதில் படிக்க வேண்டியவை என்பதால் ஒன்றையும் விடாமல் எழுதுகிறேன்.

வண்டி மஹிந்திரா எம்எம் 540. எக்ஸ்டிபி 4.90 என்ற 2112 சிசி டீசல் எஞ்சின், பியூஜோ உரிமத்தில் இங்கே செய்தது. ஃபேன் நேராக, எஞ்சின் பெல்ட்டில் சுற்றும் வாட்டர் பம்பின் முகத்தில் நான்கு போல்ட்டில் நிற்கும். எஞ்சின் எவ்வளவு சுற்றுகிறதோ கிட்டத்தட்ட அவ்வளவு ஃபேனும் சுற்றும். நடுவில் கிளட்ச் எதுவும் கிடையாது. இதில் எனக்கு ஓர் ஆச்சரியம் உண்டு. அதே பியூஜோ தன் 404 காரில் 1960-களிலேயே சூடு ஏறினால் மட்டும் பிடித்துக்கொள்ளும் மின்காந்த கிளட்ச் ஃபேன் வைத்தது. எப்போதும் சுற்றும் ஃபேன் வீண்செலவு என்று அவர்களுக்கு அப்போதே தெரிந்திருக்கிறது. நம் ஜீப்புக்கு வந்த எஞ்சினில் மட்டும் ஃபேன் இரவு பகலாகச் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

நின்றால் ஏன் கொதிக்கிறது?

வண்டி 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர வைத்துவிடும். அந்த நேரத்தில் ஃபேன் சும்மா காற்றைக் கடைந்துகொண்டிருக்கும். வண்டி நின்றால் எதிர்க்காற்று இல்லை, ஃபேன் ஒன்றுதான் துணை. ஆனால் அப்போது எஞ்சின் ஐடிலிங்கில், அதாவது வண்டி நகராமல் சும்மா ஓடும் நிலையில், நிமிடத்துக்கு 750 சுற்று, ஃபேனும் அதே வேகத்தில் மெல்ல அசையும். தேவை அதிகமாக இருக்கும் நேரத்தில் காற்று குறைவு, தேவையே இல்லாத நேரத்தில் காற்று ஏராளம். பெல்ட் ஃபேனின் பிறவிக் குறை இது.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஃபேன் வேகம் இரண்டு மடங்கானால் காற்றும் இரண்டு மடங்கு வரும், ஆனால் அதைச் சுழற்ற எட்டு மடங்கு சக்தி வேண்டும். 750 சுற்றிலிருந்து 3,000 சுற்றுக்குப் போனால் வேகம் நான்கு மடங்கு, சக்தி 64 மடங்கு. சிதம்பரம் சாலையில் வேகமாகப் போகும்போது எஞ்சின் சக்தியில் ஒரு பங்கு இப்படித்தான் போகிறது. அந்த இரைச்சலும் இந்த ஃபேனுடையதுதான்.

இதையெல்லாம் வைத்துப் பார்த்தால் மாமா சொன்ன மருந்து சரிதான் என்று தோன்றும். ஆனால் நின்றால் கொதிப்பதற்கு வேறு காரணங்களும் உண்டு. ரேடியேட்டர் பாதி அடைத்திருந்தாலும் முதலில் நெரிசலில்தான் தெரியும். மூடி அழுத்தம் தாங்காவிட்டாலும் ஆவி கக்கும். எஞ்சின் தலைக்கு அடியில் எரிவாயுவும் தண்ணீரும் கலக்காமல் பிடிக்கும் ஹெட் கேஸ்கெட் கசிந்தால் எந்த ஃபேன் போட்டும் பயனில்லை. அதனால் செம்மண்டலத்தில் இருக்கும் மேஸ்திரியிடம் வண்டியைக் கொண்டுபோனேன். பழைய ஜீப் வேலையில் இந்த ஊரில் நான் நம்பும் கை அவருடையது.

அளந்து பார்த்தது

டாஷ்போர்டில் இருந்த சூட்டுமுள்ளை நம்ப முடியவில்லை. தட்டினால் இறங்கியது. சிப்காட்டில் வேலை பார்க்கும் நண்பரிடம் தொடாமல் சூடு காட்டும் துப்பாக்கி ஒன்று வாங்கி வந்தேன். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. பளபளப்பான பித்தளை மேலும் அலுமினியம் மேலும் பிடித்தால் அது நிஜத்தைவிடக் குறைத்துக் காட்டும். ரேடியேட்டர் மேல்தொட்டிக் கழுத்தில் கறுப்பு டேப் ஒட்டி, அதன்மேல் பிடித்துத்தான் அளந்தேன். கடைசி வரை அதே இடம், அதே டேப்.

முதல் நாள் கணக்கு: உச்சி வெயிலில் ஐடிலிங், 25 நிமிடத்தில் 104 டிகிரி, இன்னும் ஏறிக்கொண்டிருந்தது. அணைத்துவிட்டோம்.

ஆறிய பிறகு மூடியைத் திறந்தால் செம்மண் நிறத்தில் தண்ணீர். கூலன்ட் என்ற பேச்சே இல்லை. வழியில் கிடைத்த போர் தண்ணீரையே பல வருஷமாக ஊற்றியிருக்கிறார்கள். நம் கரையோரத்து போர் தண்ணீரின் உப்பும் சுண்ணாம்பும் கெட்டிலில் படிவதைப் பார்த்திருப்பீர்கள். அதே படிவம்தான் ரேடியேட்டர் குழாய்க்குள்ளும். மூடியின் ரப்பர் வெடித்திருந்தது. தண்ணீர் போதிய அளவு சூடான பிறகே ரேடியேட்டருக்கு வழிவிடும் தெர்மோஸ்டாட் வால்வு இருக்க வேண்டிய இடம் காலி. யாரோ முன்பு "ஹீட் ஆகாது" என்று கழற்றிப் போட்டிருக்கிறார்கள். நம் பட்டறைகளில் இது பெரிய பழக்கம், நான் இதை மனமார எதிர்க்கிறேன். வால்வு இல்லாத டீசல் எஞ்சின் நெடுஞ்சாலையில் தேவையான சூட்டுக்கே வராமல் ஓடும். குளிர்ந்த எஞ்சின் சீக்கிரம் தேயும், புகை தள்ளும். எஞ்சினுக்கே திரும்பும் பைபாஸ் வழியை வால்வே மூடும் வகை எஞ்சின்களில் இன்னும் மோசம். வால்வை எடுத்தால் சுடுதண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்குப் போகாமலே திரும்பிவிடும்.

ஹெட் கேஸ்கெட்டைப் பற்றித்தான் பயம். மேஸ்திரி மூடியைத் திறந்து வைத்து எஞ்சினை ஓடவிட்டு, குமிழி வருகிறதா என்று பத்து நிமிடம் குனிந்தே பார்த்தார். வரவில்லை. ஆயிலிலும் பால் நிறம் இல்லை. "தப்பிச்சுது" என்றார்.

திருப்பாதிரிப்புலியூரில் ஒரு ரேடியேட்டர் கடையில் தொட்டியைப் பிரித்து, கம்பி விட்டுக் குழாய்களைச் சுத்தம் செய்தோம். புது மூடி, 82 டிகிரியில் திறக்கும் வால்வு, புது ஹோஸ்கள். பச்சைக் கூலன்ட்டைக் காய்ச்சி வடித்த தண்ணீரில் கலந்து ஊற்றினோம். நம் ஊரில் உறைபனி இல்லையே, கூலன்ட் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. துருவைத் தடுப்பதற்கும் கொதிநிலையைக் கொஞ்சம் ஏற்றுவதற்கும்தான். நல்ல மூடியும் உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைத்துக் கொதிநிலையை ஏற்றுகிறது. ஒவ்வொரு பவுண்டு அழுத்தத்துக்கும் கொதிநிலை சுமார் ஒன்றரை டிகிரி ஏறும்.

மறுபடியும் அதே சோதனை. இந்த முறை 30 நிமிடத்தில் 101. முன்னேற்றம்தான், போதாது.

அப்புறம் செய்ததுதான் இந்த முழு வேலையிலும் செலவே இல்லாத சோதனை. மேஸ்திரி பட்டறையில் ஒரு பெரிய பெடஸ்டல் ஃபேன் இருந்தது. அதை ஜீப்பின் முகத்துக்கு நேரே வைத்து ஓடவிட்டேன். எஞ்சின் அதே ஐடிலிங். ஏழு நிமிடத்தில் 101-லிருந்து 88-க்கு இறங்கியது. அணைத்தேன், மறுபடி ஏறியது. போட்டேன், இறங்கியது. தண்ணீர் சரியாகச் சுற்றுகிறது, ரேடியேட்டர் சூட்டை விடத் தயாராக இருக்கிறது, வாங்கிக்கொள்ளக் காற்றுதான் இல்லை என்று அப்போதுதான் நிச்சயமாகத் தெரிந்தது. பெடஸ்டல் ஃபேன் வைத்தும் சூடு இறங்காவிட்டால், மின்விசிறிக்குச் செலவு செய்யாதீர்கள். கோளாறு தண்ணீர்ப் பக்கம் இருக்கிறது.

மேஸ்திரிக்கு இன்னும் ஒரு யோசனை இருந்தது. "இதுக்கு ஃபேன் கவர் இருந்திருக்கும்பா. அதைக் காணோம். அதைச் செஞ்சு மாட்டி, ஆறு இலை ஃபேன் போட்டா போதாதா?" என்றார். நியாயமான கேள்வி. அந்த வழியும் பலன் தரும். ஆனால் மாமாவுக்கு இன்னொரு காரணம் இருந்தது. மழைக்காலத்தில் தோப்புக்குப் போகும் வழியில் ஓடை குறுக்கே ஓடும். தண்ணீரில் இறங்கும்போது பெல்ட் ஃபேன் அதை வாரி எஞ்சின் முழுக்க அடிக்கும். வேகமாகச் சுற்றும் இலை தண்ணீரில் மாட்டினால் முன்பக்கம் வளைந்து ரேடியேட்டரையே கிழித்துவிடும். மின்விசிறி என்றால் ஒரு சுவிட்சில் அணைத்துவிட்டு இறங்கலாம். அதனால் மின்விசிறி என்றே முடிவானது.

முதல் கட்டமும் முதல் தவறும்

சென்னை புதுப்பேட்டையில் பழைய கார் சாமான்கள் விற்கும் தெருக்களில் அரை நாள் அலைந்து, சிறிய கார்களிலிருந்து கழற்றிய 10 அங்குல ஃபேன் இரண்டு எடுத்தேன். ஒரே மாதிரி மோட்டார், ஒரே பக்கம் சுற்றுபவை. வாங்கும் முன் பேட்டரி வைத்து ஓட்டிப் பார்த்து, கிளாம்ப் மீட்டரில் அளந்தேன். ஓடும்போது தலைக்கு 8 ஆம்பியர், கிளம்பும் நொடியில் 22 வரை துள்ளியது. மோட்டார் தண்டைப் பிடித்து ஆட்டிப் பார்ப்பதும் முக்கியம். ஆட்டம் இருந்தால் புஷ் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம்.

இரண்டும் ரேடியேட்டருக்குப் பின்னால் இருந்து காற்றை இழுக்கும் விதத்தில்தான் வைத்தோம். முன்னால் வைத்துத் தள்ளவும் செய்யலாம், ஆனால் ஓடும்போது வரும் எதிர்க்காற்றை அந்த ஃபேனே மறைக்கும். இடமே இல்லாத வண்டிக்கு மட்டும் அது. இங்கே பழைய ஃபேனைக் கழற்றியதும் பம்ப் முகத்துக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே 14 சென்டிமீட்டர் கிடைத்தது. எஞ்சின் ரப்பர் மேல் உட்கார்ந்திருக்கிறது, பிரேக் அடித்தால் முன்னுக்கு அசையும். அதற்கு 2 சென்டிமீட்டர் விட்டேன்.

பழைய ஃபேனைக் கழற்றுவதில் ஓர் எச்சரிக்கை. பெல்ட்டைக் கழற்றக் கூடாது, வாட்டர் பம்ப் அதில்தான் ஓடுகிறது. ஃபேன் இலையையும் அதற்குப் பின்னால் இருக்கும் இடைவட்டையும் (ஸ்பேசர்) எடுத்த பிறகு அதே நீள போல்ட்டை மறுபடி முடுக்கவும் கூடாது. மிச்ச நீளம் உள்ளே போய் பம்பில் இடிக்கும். அளவு பார்த்துக் குட்டை போல்ட் போட வேண்டும்.

சரி, தவறுக்கு வருகிறேன். அவசரத்தில் ஃபேன் இரண்டையும் இரும்புப் பட்டையில் பிடித்து, ரேடியேட்டர் முகத்தை ஒட்டினாற்போல் மாட்டிவிட்டோம். பிளாஸ்டிக் டையை ரேடியேட்டர் குழாய்களுக்கு நடுவே இருக்கும் மெல்லிய தகட்டு இதழுக்குள் கோத்துக் கட்டுவதைவிட இது எவ்வளவோ மேல். அப்படிக் கட்டினால் அதிர்வில் டை அறுத்து அறுத்துக் குழாயில் ஓட்டை விழும். ஆனால் ஐடிலிங் சோதனையில் இரண்டு ஃபேனும் இடைவிடாமல் ஓடியும் 97 டிகிரிக்குக் கீழே இறங்கவில்லை. மாமா முகம் வாடிவிட்டது. எனக்கும் இரவு தூக்கமில்லை.

காரணம் சாதாரணக் கணக்கு, முன்பே போட்டிருக்க வேண்டும். ரேடியேட்டர் முகம் 51-க்கு 43 சென்டிமீட்டர், அதாவது சுமார் 2,190 சதுர சென்டிமீட்டர். 25 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள ஃபேன் வட்டம் ஒன்று 490, இரண்டும் சேர்ந்தால் 980. பாதிக்கும் குறைவு. மிச்ச இடத்தில் காற்றே அசையவில்லை. ஒட்டி வைத்ததால் ஃபேன் வட்டத்துக்கு நேரே இருக்கும் இதழ்கள் வழியாக மட்டும் காற்று போனது. அது போதாதென்று, பின்னால் தள்ளிய சூடான காற்றில் கொஞ்சம் பக்கவாட்டில் சுற்றி மறுபடி முன்னால் வந்தது.

மேஸ்திரி கேட்ட அந்தக் கவர்தான் விடை. ரேடியேட்டர் முழு முகத்தையும் மூடும் பெட்டி ஒன்று, அதில் இரண்டு வட்டம் வெட்டி ஃபேன். இதழுக்கும் ஃபேன் இலைக்கும் நடுவே 4 சென்டிமீட்டர் வெற்றிடம் இருந்தால் முழு முகத்திலிருந்தும் காற்று இழுக்கும். இரண்டு ஃபேனையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க அகலம் இடிக்கும் என்பதால், ஒன்றை இடது மேல் மூலையிலும் மற்றதை வலது கீழ் மூலையிலும் வைத்தோம். டிங்கரிங் பட்டறையில் அலுமினியத் தகட்டில் மடித்துத் தந்தார்கள். ஓரம் முழுக்க கதவு பீடிங் ரப்பர் ஒட்டினேன். இலை நுனிக்கும் வட்டத்துக்கும் இடைவெளி ஒரு சென்டிமீட்டருக்குள். அந்த இடைவெளி அதிகமானால் காற்று அங்கேயே திரும்பிச் சுழலும்.

அதே வெயில், அதே ஐடிலிங்: 91. அதுவும் ஒரு ஃபேன் விட்டு விட்டு ஓடியே. இரண்டாவது ஃபேன் கிளம்பவே இல்லை.

97-க்கும் 91-க்கும் நடுவே நாங்கள் மாற்றியது வெறும் தகடு. மோட்டார் அதே மோட்டார். "எத்தனை அங்குல ஃபேன் வாங்கலாம்" என்று என்னிடம் கேட்பவர்களிடம் கவர் எப்படிச் செய்யப்போகிறீர்கள் என்றுதான் இப்போது முதலில் கேட்கிறேன்.

நின்றால் சரி, ஓடினால்?

இரண்டு வாரம் கழித்து மாமா போன் செய்தார். "தம்பி, இப்ப தலைகீழா ஆயிடுச்சு. நின்னா நல்லா இருக்கு. சிதம்பரம் போகும்போது முள்ளு ஏறுது."

நேரில் போய் கூட உட்கார்ந்து ஓட்டிப் பார்த்தேன். 80 கிலோமீட்டர் வேகத்தில் 98 டிகிரி. பழைய ஃபேன் இருந்தபோது அதே சாலையில் 86-க்கு மேல் போனதில்லை. என் தகட்டுப் பெட்டி செய்த வேலைதான் இது. நின்றிருக்கும்போது காற்றைச் சேர்த்து இழுக்கும் அதே பெட்டி, வேகத்தில் எதிர்க்காற்றை வெளியே விடாமல் அடைத்துவிட்டது. முழு முகத்தில் வரும் காற்று இரண்டு வட்டம் வழியாக மட்டும் எப்படி வெளியேறும்?

பெட்டியில் ஃபேன் இல்லாத மற்ற இரண்டு மூலைகளிலும் கை அகலத்தில் ஜன்னல் வெட்டி, பின்பக்கம் மெல்லிய ரப்பர் தாளை மேல் ஓரத்தில் மட்டும் பிடித்துத் தொங்கவிட்டோம். ஃபேன் இழுக்கும்போது ரப்பர் ஒட்டிக்கொண்டு ஜன்னலை மூடும். வேகத்தில் எதிர்க்காற்று அதைத் தள்ளித் திறந்துகொள்ளும். கம்பெனிக் கார்களின் ஃபேன் கவரிலும் இந்த ரப்பர் மடிப்புகளைப் பார்க்கலாம். எதற்கு என்று தெரியாமலே அவற்றைக் கிழித்துப் போட்டிருக்கிறேனோ என்று அன்றைக்கு நினைத்தேன். ஜன்னலுக்குப் பிறகு அதே சாலை, அதே வேகம், 88.

மின்சாரக் கணக்கு

என் தொழில் மின்சாரம். ஆனால் இரண்டாவது தவறு அங்கேதான் நடந்தது.

வயரிங்கில் குறை வைக்கவில்லை. பேட்டரியிலிருந்து நேராகக் கனமான வயர், பேட்டரி பக்கத்திலேயே ஃபியூஸ், ஃபேனுக்கு ஒரு ரிலே (சிறிய மின்சாரத்தில் இயங்கிப் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச்), தனித்தனி ஃபியூஸ். ரிலேயின் காயிலுக்கு மட்டும் சாவி வழியாக மின்சாரம். ஃபேன் முழு மின்சாரத்தையும் டாஷ்போர்டு சுவிட்ச் வழியாக இழுத்தால் சுவிட்ச் உருகும். அங்கே ஒரு வோல்ட் வீணானாலும் ஃபேன் வேகம் குறையும். எர்த்தை பாடியில் பிடிக்காமல் பேட்டரி எர்த்துக்கே கொண்டுபோனேன். நம் கடற்கரைக் காற்றில் பாடி எர்த் ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது. ஒவ்வொரு இணைப்பிலும் ஸ்லீவ் போட்டுச் சூடாக்கிச் சுருக்கி, உள்ளே கிரீஸ். தண்ணீரில் இறங்கும்போது அணைக்க டாஷ்போர்டில் ஒரு சுவிட்ச், ஃபேன் ஓடுகிறதா என்று காட்ட ஒரு சிறு விளக்கு.

சூடு பார்க்கும் உணரியை எங்கே வைப்பது என்பதில் கொஞ்சம் தடுமாறினேன். கடையில் கிடைத்த செட்டில் ஹோஸுக்கும் கழுத்துக்கும் நடுவே நுழைக்கும் மெல்லிய கம்பி உணரிதான் இருந்தது. அதை வைத்தேன், மூன்றாம் நாள் அந்த இடத்தில் கசிந்தது. எடுத்துப் போட்டுவிட்டு, லேத் பட்டறையில் பித்தளைக் குழாய்த் துண்டு ஒன்றில் மரை போட்டு, மேல் ஹோஸின் நடுவே வெட்டிச் சேர்த்து, முறையான இரண்டு சூட்டுச் சுவிட்சுகளை முடுக்கினேன். முதல் ஃபேன் 90-ல் கிளம்பி 85-ல் நிற்கும், இரண்டாவது 95-ல் கிளம்பும். வால்வு திறப்பது 82-ல் என்பதால் முதல் ஃபேன் அதற்கு மேலேதான் நிற்க வேண்டும். 80-ல் நிற்கும்படி வைத்தால் அது நிற்கவே நிற்காது. இரண்டும் ஒரே நொடியில் கிளம்பாமல் இருப்பதால் 44 ஆம்பியர் துள்ளலும் இல்லை.

இவ்வளவும் செய்தவன், எஞ்சின் ஓடும்போது மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டர் எவ்வளவு தரும் என்று மட்டும் பார்க்கவில்லை. அதில் 35 ஆம்பியர் என்று எழுதியிருந்தது, ஃபேன் இரண்டுக்கும் 16 போதுமே என்று விட்டுவிட்டேன்.

ஐப்பசி மழையில் ஓர் இரவு, மாமா குடும்பத்தோடு புதுச்சேரியில் ஒரு வரவேற்புக்குப் போய்த் திரும்பும்போது மரப்பாலத்தில் மாட்டிக்கொண்டார். முருங்கப்பாக்கம், அரியாங்குப்பம் என்று அந்தக் கடலூர் சாலை மழை நாளில் எப்படி நகரும் என்று போனவர்களுக்குத் தெரியும். ஹெட்லைட்டுக்கு 9 ஆம்பியர், மற்ற விளக்குகளுக்கு 2, வைப்பருக்கு 4. நெரிசலில் சூடு ஏறி இரண்டு ஃபேனும் கிளம்பியதால் 16. மொத்தம் 31. ஆல்டர்னேட்டரில் எழுதியிருக்கும் 35 என்பது அது வேகமாகச் சுற்றும்போது தருவது. சூடாகி, ஐடிலிங்கில் மெல்லச் சுற்றும்போது நான் பிறகு அளந்ததில் 15 தான் வந்தது. மிச்சம் 16 ஆம்பியரும் பேட்டரியிலிருந்து போய்க்கொண்டே இருந்தது. விளக்கு மங்கி, வைப்பர் சோர்ந்து, ஃபேனும் மெதுவாகி, அதனால் சூடு ஏறி, முள்ளோடை தாண்டும்வரை மாமா பயந்துகொண்டே ஓட்டியிருக்கிறார். மழை இரவில் பெண்டு பிள்ளைகளோடு அவர் அப்படித் தவித்தது என் கணக்குப் பிழையால். இன்றும் அது எனக்கு உறுத்தல்.

பெல்ட் ஃபேன் ஐடிலிங்கில் பலவீனமாகிறது என்றுதானே அதைக் கழற்றினோம். ஆல்டர்னேட்டரும் அதே பெல்ட்டில், அதே ஐடிலிங்கில்தான் பலவீனமாகிறது. பலவீனத்தை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாற்றியிருக்கிறேன், அவ்வளவுதான். ஃபேனின் 16 ஆம்பியரை ஆல்டர்னேட்டரின் முழு எண்ணோடு ஒப்பிடக் கூடாது. ஐடிலிங்கில் அது தருவதிலிருந்து இரவு, மழைச் செலவைக் கழித்துவிட்டு மிச்சம் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். மின்விசிறி வேலை எடுத்தால் இந்த அளவை எடுக்காமல் இப்போது நான் ஸ்பேனரைத் தொடுவதில்லை.

65 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் மாற்றினோம். அதன் தாங்கியை லேத்தில் கொஞ்சம் மாற்ற வேண்டியிருந்தது. பழையதைவிடச் சிறிய புல்லி போட்டதால் ஐடிலிங்கிலும் வேகமாகச் சுற்றுகிறது. சார்ஜிங் வயரையும் தடிமனாக மாற்றினேன், ஏனென்றால் 35-க்குப் போட்ட வயர் 65-ஐத் தாங்காது. ஐடிலிங்கை 750-லிருந்து 800-க்கு மேஸ்திரி ஏற்றி வைத்தார். எல்லா விளக்கும் வைப்பரும் இரண்டு ஃபேனும் போட்டு அரை மணி நேரம் நிறுத்திப் பார்த்ததில் பேட்டரியில் 13.2 வோல்ட்டுக்குக் கீழே இறங்கவில்லை.

வெள்ளமும் அடுத்த கோடையும்

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அந்த மழையையும், அதற்கடுத்து சாத்தனூர் அணையிலிருந்து திறந்த தண்ணீரில் பெண்ணையாறு கரைபுரண்டதையும் இங்கே யாரும் மறக்க மாட்டார்கள். ஆல்பேட்டை, குண்டு உப்பலவாடி பக்கம் உறவினர்களுக்குச் சாப்பாடும் தண்ணீர் கேனும் கொண்டுபோக மாமா அந்த ஜீப்பைத்தான் எடுத்தார். தண்ணீர் பம்பர் உயரத்துக்கு நின்ற இடங்களில் ஃபேன் சுவிட்சை அணைத்துவிட்டு மெல்ல இறங்கி, மேடு ஏறியதும் போட்டிருக்கிறார். ரேடியேட்டருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் கீழ் மூலையில் இருந்த மோட்டார் முழுகிவிட்டது. ஒரு மாதம் கழித்து கிறீச்சிட ஆரம்பித்தது. பிரித்துப் பார்த்தால் உள்ளே சேறும் துருவும், கார்பன் பிரஷ் பாதி தேய்ந்திருந்தது. இன்னொரு மோட்டார் வாங்கி மாற்றினேன். இரண்டு ஃபேனையும் மேல் வரிசையிலேயே வைக்கும் அளவுக்கு அகலமான ரேடியேட்டர் உள்ள வண்டி என்றால், அப்படித்தான் வைக்கச் சொல்வேன்.

2025 கத்திரி வெயிலில் பழையபடி கறுப்பு டேப்பில் அளந்தேன். 40 நிமிட ஐடிலிங், 92. கேப்பர் மலை ஏற்றத்தில் ஆறு பேரோடு இரண்டாவது கியரில் 94. சிதம்பரம் சாலையில் 87, 88. அந்த வேகத்தில் ஃபேன் விளக்கு எரிவதே இல்லை.

மைலேஜ் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். மாமா கணக்கில் லிட்டருக்கு பதினொன்றரையிலிருந்து பன்னிரண்டு ஆகியிருக்கிறது. ஆனால் நடுவே ரேடியேட்டர், வால்வு எல்லாம் மாற்றியிருக்கிறோம். அந்த அரை கிலோமீட்டரை ஃபேன் பேரில் எழுத எனக்கு மனம் ஒப்பவில்லை. நிச்சயமாகக் குறைந்தது இரைச்சல்தான். காலையில் எஞ்சின் முன்பைவிடச் சீக்கிரம் சூடாவதற்கு ஃபேனும் காரணம், திரும்ப வந்த வால்வும் காரணம்.

இதைப் பார்த்து ஒரு சரக்கு வண்டிக்காரர் தனக்கும் மாற்றச் சொல்லி வந்தார். முடியாது என்று அனுப்பினேன். இந்த ஜீப்பின் இரண்டு மின்விசிறியும் சேர்ந்து எடுப்பது 220 வாட் சுமாருக்கு. பாரம் ஏற்றிய பெரிய டீசல் வண்டி மேட்டில் முக்கும்போது அதன் பெல்ட் ஃபேன் பல ஆயிரம் வாட்டை எஞ்சினிலிருந்து எடுத்துக் காற்றாக்குகிறது. அந்தக் காற்றை 12 வோல்ட் மோட்டாரில் எடுக்க முடியாது. பிறகு வந்த சில ஜீப்புகளில் சூட்டுக்கு ஏற்பப் பிடிக்கும் விஸ்கஸ் கிளட்ச் ஃபேன் இருக்கிறது. அது தேய்ந்திருந்தால் கிளட்சை மட்டும் மாற்றுங்கள், மலிவாக முடியும்.

மாமாவின் பழைய ஃபேனையும் நான்கு நீள போல்ட்டையும் ஒரு கோணிப்பையில் சுற்றி, 12-ஆம் நம்பர் ஸ்பேனரோடு பின் சீட்டுக்கு அடியில் வைத்துக் கொடுத்தேன். வழியில் மோட்டார் இரண்டும் நின்றுபோனால், கவரைத் தளர்த்தி எடுத்துவிட்டு அதை மாட்டிக்கொண்டு வீடு வந்து சேரலாம். இதுவரை பை பிரிக்கப்படவில்லை. மழைக்காலத்துக்கு முன்னால் ரிலேக்களைக் கழற்றிக் கால்களில் பச்சை பிடித்திருக்கிறதா என்று பார்க்க, புரட்டாசியில் வண்டியைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.